கறி என்னும் சொல்: எழுத்தும் பொருளும் வழியும்



சிராங்கூன் சாலையிலிருந்து பஃபலோ சாலைக்குள் திரும்பித் தேக்கா நிலையத்தின் உணவங்காடிக்குள் நுழைந்தால், ஒரே சொல்லை நான்கு மொழிகளில் நாம் கேட்கலாம். தமிழர் ‘கறி’ என்கிறார். மலாய்க்காரர் ‘காரி’ என்கிறார். சீனர் ‘காலி’ என்கிறார். ஆங்கிலத்தில் கேட்பவரும் ஏறத்தாழ நம்மைப் போலவே ஒலிக்கிறார். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளும் ஒரு தட்டின்மேல் சந்திக்கின்ற இடம் இது. இந்நால்வரில் அச்சொல்லை முதலில் உடையவர் யார், பிறர் அதை எவ்வழியில் பெற்றனர், பெற்றபின் அதற்கு என்ன நேர்ந்தது என்பவற்றை ஆராய்வதே இன்றைய உரையின் நோக்கம்.

சிறிய சொல்லுக்கு இத்துணைப் பெரிய முயற்சி எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. ஆங்கிலமே முதன்மையாக வழங்கும் வீட்டில் வளர்கின்ற தமிழ்க் குழந்தை இச்சொல்லை முதலில் ஆங்கிலச் சொல்லாகவே அறிகிறது. பள்ளிக்கு வந்து தமிழில் எழுதும்பொழுது, அறிந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பெயர்ப்பதாக எண்ணிக்கொண்டு, ‘கரி’ என்று எழுதிவிடுகிறது. ஆசிரியர் அதன்மேல் சிவப்புக்கோடு இடுகிறார். அக்கோடு ஓர் எழுத்துப்பிழையை மட்டும் சுட்டவில்லை. தன் வீட்டுச் சொல்லை அயலார் சொல்லாகக் கருதும் நிலையையும் அது சுட்டுகிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே என்றவர்கள் 48.3 விழுக்காட்டினர், தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காட்டினர். இந்நிலையில் ஒரு சொல்லின் பிறப்பை அறிந்து சொல்வது ஆசிரியரின் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாகிவிடுகிறது.

முதலில் எழுத்து

‘கரி’ என்று இடையின ரகரம் இட்டு எழுதினால், அடுப்புக்கரி என்பது ஒரு பொருள். யானை என்பது மற்றொரு பொருள். சான்று என்பது இலக்கிய வழக்கில் இன்னொரு பொருள். ‘கறி’ என்று வல்லின றகரம் இட்டு எழுதினால்தான் உண்ணும் பொருள் வரும். எழுத்தில் இவ்வளவு தெளிவாக நிற்கும் வேறுபாடு, தமிழ்நாட்டின் பெரும்பகுதிப் பேச்சில் மறைந்துவிட்டது. மலையாளத்தில் அவ்வேறுபாடு இன்றும் செவிக்குப் புலப்படுமாறு வழங்குகிறது. அங்கும் இச்சொல் வல்லின றகரத்தோடுதான் எழுதப்படுகிறது. ஆகவே, சிங்கப்பூர்ச் சிறுவன் ரகர றகரங்களில் தடுமாறுவது அவனுடைய தனிக்குறை அன்று. செவி உதவாத இடத்தில் பொருளும் சொல்வரலாறும்தான் உதவ வேண்டும்.

அவ்வரலாறு ‘கறித்தல்’ என்னும் வினையில் இருக்கிறது. கடித்து மெல்லுதல் என்பது அதன் பொருள். கறித்து உண்ணுதல் என்னும் இச்செயலைச் சொல்லி, அதனோடு சேர்த்துக் கறி என்னும் பெயரைக் கற்பித்தால், மாணவர் றகரத்தை எளிதில் மறவார். ‘கறிவேப்பிலை’ என்பதிலும், ‘காய்கறி’ என்பதிலும் நிற்பது இதே கறிதான்.

அடுத்துப் பொருள்

சங்க இலக்கியத்தில் கறி என்பது மிளகு. அகநானூற்றின் 149ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் முசிறித் துறைமுகத்தைக் காட்டுகிறார். யவனருடைய மரக்கலங்கள் பொன்னொடு வந்து கறியொடு திரும்பும் காட்சி அது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் குவிந்த பண்டங்களுள் கறிமூட்டைகளையும் வைத்துப் பாடுகிறது. இன்று ‘கறி’ என்றவுடன் குழம்பையோ இறைச்சியையோ எண்ணும் மாணவர், இப்பாடல்களை உரையின்றிப் படித்தால், ரோமானியர் பொன் கொடுத்துக் குழம்பு வாங்கிச் சென்றனரோ என்று மயங்கக்கூடும். அவர்கள் வாங்கிச் சென்றது மிளகு.

பிற்காலத்தில் அப்பொருள் விரிந்தது. சோழர்காலக் கோயில் கல்வெட்டுகளில் இறைவனுக்குப் படைக்கப்படுவனவாக நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது ஆகியவற்றோடு ‘கறியமுது’ என்பதும் வருகிறது. அங்குக் கறி என்பது சோற்றோடு சேர்த்து உண்ணப்படும் காய்கறி உணவு. வைணவர் இல்லங்களில் கறியமுது என்னும் அச்சொல் இன்றும் வழங்குகிறது. ஐரோப்பியரின் கப்பல்கள் நம் கரைக்கு வருவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே, சோற்றுக்குத் துணையாகும் உணவு என்னும் பொருளைக் கறி பெற்றுவிட்டது என்பதற்கு இக்கல்வெட்டுகள் சான்று.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, கடித்துத் தின்னுதல், காய்கறி, இறைச்சி, மிளகு என்னும் பொருள்களையெல்லாம் இச்சொல்லுக்குத் தருகிறது. இப்பொருள்களுள் எது முந்துகிறது என்பது ஊரைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் ‘கறிக்கடை’ என்றால் இறைச்சிக்கடை. யாழ்ப்பாணத்தில் ‘சோறும் கறியும்’ என்றால் சோற்றோடு வரும் எல்லாத் துணையுணவும் கறி. அங்குக் காய்கறிக்கு ‘மரக்கறி’ என்று பெயர். ஒரு தமிழாசிரியரின் வகுப்பில் இம்மூவகை வழக்கும் உடைய பிள்ளைகள் அருகருகே அமர்ந்திருக்கக்கூடும். அவர்களுள் ஒருவருடைய வழக்கு மட்டுமே சரியென்று சொல்லிவிட முடியாது.

இங்கு மிளகாயையும் நினைவுகூர வேண்டும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாகவே அது இந்தியாவுக்கு வந்தது. புதிதாக வந்த காய்க்குத் தமிழர் பழைய மிளகின் பெயரையே சூட்டினர். மிளகுபோற் காரமுடைய காய் மிளகாய். சங்ககாலக் கறியில் மிளகாய் இல்லை. இன்றைய கறியில் மிளகாய் இல்லாமல் இல்லை. உண்ணும் பொருள் மாறியும் பெயர் நிலைத்தது.

ஆங்கிலத்திற்குச் சென்ற வழி

இச்சொல் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கு நேரே சென்றதன்று. இடையில் போர்ச்சுக்கீசியர் நின்றனர். மேற்குக் கடற்கரையில் குடியேறிய அவர்கள் இதனைக் ‘காரில்’ என்று தம் மொழியில் வழங்கினர். டச்சுக்காரரான லின்ஸ்கோட்டன் 1583 முதல் கோவாவில் பேராயரின் செயலராகப் பணியாற்றியவர். அவருடைய பயணநூல் 1596இல் டச்சு மொழியிலும் 1598இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. மீனைச் சாற்றில் சமைத்துச் சோற்றின்மேல் ஊற்றி உண்பர் என்றும், அதற்குக் ‘காரியல்’ என்பது பெயர் என்றும் அந்நூல் கூறுகிறது. இலங்கையின் கண்டி அரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிய இராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இச்சொல்லைப் பன்மை வடிவில் ஆளுகிறார். அவர் இதனைப் போர்ச்சுக்கீசியர் சொல் என்றே குறிக்கிறார். தமிழ்ச்சொல் ஒன்று நூறாண்டுக்குள் போர்ச்சுக்கீசியச் சொல்லாக எண்ணப்பட்டுவிட்டதை இது காட்டுகிறது.

1747இல் இலண்டனில் வெளிவந்த ஹன்னா கிளாஸ் அம்மையாரின் சமையல் நூல், இந்திய முறையில் கறி சமைப்பது எப்படி என்று ஆங்கிலேய இல்லத்தரசியருக்குக் கற்பித்தது. கோழியோ முயலோ கொண்டு செய்யும் அக்குறிப்பின் முதற்பதிப்பில் வரும் நறுமணப் பொருள்கள் கொத்துமல்லி விதையும் மிளகுமே. மிளகைக் குறித்த பழந்தமிழ்ச் சொல், மிளகு இட்ட உணவின் பெயராகவே ஆங்கில அடுக்களைக்குள் புகுந்தது. அம்மையார் அதைத் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார் எனினும், அந்தப் பொருத்தம் நமக்கு இனிமையாகவே இருக்கிறது.

ஆங்கில எழுத்துமுறை மாணவர் அடிக்கடி வினவும் பொருளாகும். லின்ஸ்கோட்டன் நூலின் ஆங்கிலப் பெயர்ப்பிலும் நாக்ஸின் நூலிலும் முதல் உயிர் ‘ஏ’ என்னும் எழுத்தால் குறிக்கப்பட்டது. பின்னரே ‘யூ’ வந்தது. பண்டிதர், பஞ்சாப் என்னும் சொற்களின் முதல் அகரத்தையும் அக்கால ஆங்கிலேயர் ‘யூ’ இட்டே எழுதினர். ஆங்கிலத்தில் கோப்பையைக் குறிக்கும் ‘கப்’ என்னும் சொல்லில் அவ்வெழுத்து எவ்வாறு ஒலிக்கிறதோ, அதுவே அவர்கள் செவிக்கு நம் அகரத்திற்கு அண்மையானதாகப் பட்டது. இரட்டை ‘ஆர்’ நம் றகரத்தைக் குறிக்க இடப்பட்டதென்று சிலர் எண்ணுகின்றனர்; அது சரியன்று. முன்னுள்ள உயிர் குறில் என்று காட்ட மெய்யை இரட்டிப்பது ஆங்கிலத்தின் சொந்த மரபு. விரைதலைக் குறிக்கும் ‘ஹரி’ என்னும் சொல்லிலும் அதனைக் காணலாம். கிளாஸ் அம்மையார் இறுதியில் ‘ஈ, ஒய்’ என இரண்டெழுத்து இட்டு எழுதினார். நாளடைவில் ‘ஒய்’ மட்டும் நிலைத்தது. தமிழின் றகரத்தைக் காட்ட அந்த எழுத்துவரிசையில் இடமே இல்லை. ஆகவே ஆங்கில வடிவத்தைப் பார்த்துத் தமிழ் எழுதுபவர் றகரத்தை இழப்பது இயல்பே.

பொய் உறவுகள்

ஒலி ஒத்திருப்பதால் மட்டும் இரு சொற்கள் உறவாகிவிடா. ஆங்கிலத்திலேயே இதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. ஏறத்தாழ 1390இல், இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்டு மன்னருடைய சமையற்காரர்கள் தொகுத்த சமையல் ஏட்டின் பெயரில் ‘கியூரி’ போன்றதொரு சொல் வருகிறது. கறி என்பது ஆங்கிலேயரின் சொந்தச் சொல்லே என்று நாட்ட இதனைச் சிலர் காட்டுவதுண்டு. அது சமைத்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. அதற்கும் நம் கறிக்கும் தொடர்பில்லை.

மற்றொன்று, ஒருவருடைய தயவைப் பெற முகத்துதி செய்வதைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர். அதிலும் இதே எழுத்துகளில் இச்சொல் நிற்கிறது. ஆயின் அங்கு இதன் பொருள் குதிரையைத் தேய்த்துச் சீவுதல். பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதைப்பாடல் ஒன்றில் ‘ஃபோவெல்’ என்னும் குதிரையைப் பெரியோர் பலரும் வந்து தேய்த்து மகிழ்விப்பர். அக்குதிரையின் பெயர் ஆங்கிலேயர் நாவில் தயவைக் குறிக்கும் சொல்லாகத் திரிந்தது. அத்தொடரில் சமையலின் மணம் சிறிதும் இல்லை.

பிறர் செய்யும் பிழையைக் காட்டிய நாம், நம்மவர் செய்யும் பிழையையும் காட்ட வேண்டும். ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல் நம் ‘காசு’ என்று மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் இவ்வடிவில் இரு சொற்கள் உள்ளன. கீழை நாடுகளில் வழங்கிய சிறுநாணயத்தைக் குறித்த சொல், போர்ச்சுக்கீசியர் வழியாகத் தமிழ்க் காசிலிருந்து வந்ததே. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் சொல்லோ, பேழை என்னும் பொருளுடைய பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. ஒன்று நமது, மற்றொன்று நமதன்று. நமதல்லாததை நமதென்று சொன்னால், உண்மையிலேயே நமதானதைச் சொல்லும்பொழுதும் கேட்பவர் ஐயுறுவர்.

ஆகவே ஒரு சொல்லுக்கு உரிமை கோருமுன் மூன்று வினாக்களை மாணவர் கேட்கப் பழக வேண்டும். காலம் தெரிந்த எழுத்துச் சான்று உண்டா? எந்த மக்கள் வழியாக, எந்த ஊர்கள் வழியாகச் சொல் சென்றது? ஒலியும் பொருளும் மாறிய முறையை விளக்க முடிகிறதா? கறி இம்மூன்றிலும் தேறுகிறது. சங்கப்பாடலும் கல்வெட்டும் காலத்தைக் காட்டுகின்றன. கோவாவும் இலங்கையும் வழியைக் காட்டுகின்றன. மிளகும் மீன்சாறும் பொருள் மாற்றத்தைக் காட்டுகின்றன. அதனால்தான் ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியும் இதனைத் தமிழ்ச்சொல் என்று பதிந்துள்ளது.

சிங்கப்பூரில் சந்தித்த வழிகள்

வெவ்வேறு வழிகளில் உலகெங்கும் சென்ற சொல், சிங்கப்பூரில் தன் கிளைகளோடு மீண்டும் சந்திக்கிறது. மலாய்மொழியின் ‘காரி’ தமிழிலிருந்து பெற்ற சொல். கடை என்பது ‘கெடாய்’ ஆகவும், கப்பல் என்பது ‘காப்பால்’ ஆகவும், பெட்டி என்பது ‘பெத்தி’ ஆகவும் அம்மொழியில் குடியேறின. அவ்வரிசையில் இதுவும் ஒன்று. ஆனால் அதே மலாய்மொழியில் ‘காரிப்பாப்’ என்னும் சிற்றுண்டியும் உண்டு. அது ஆங்கிலேயர் தம்முடைய ‘பஃப்’ என்னும் சொல்லை இச்சொல்லோடு ஒட்டி வழங்கிய பெயரின் மலாய்த் திரிபு. ஒரு வேரிலிருந்து தமிழர் வழியாக ஒரு சொல், ஆங்கிலேயர் வழியாக இன்னொரு சொல் என இரண்டும் ஒரே மொழியில், ஒரே கடையில் கிடைக்கின்றன. சீனர் ‘காலி’ என்பதை எழுதும் இரண்டு எழுத்துகளிலும் வாயைக் குறிக்கும் உறுப்பு இடம்பெறுகிறது. அவற்றுள் முதலெழுத்தே காப்பியைக் குறிக்கும் சீனச் சொல்லுக்கும் முதலெழுத்து.

உணவும் இவ்வாறே கலந்தது. 1949ஆம் ஆண்டில், கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்பவர் தம் உணவகத்தில் மீன்தலையைக் கறியாகச் சமைத்து அளித்தார் என்பது சிங்கப்பூர் உணவு வரலாற்றில் பதிவான செய்தி. மீன்தலையை விரும்பி உண்ணும் சீன வாடிக்கையாளர்களை அது ஈர்த்தது. இன்று ரேஸ் கோர்ஸ் சாலை அவ்வுணவுக்குப் பெயர்பெற்றிருக்கிறது. அதனை நாம் தமிழில் ‘மீன்தலைக் கறி’ என்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருபவர் அதனைக் குழம்பு என்றே சொல்லுவார். இங்குக் கறி என்பதன் பொருள் ஆங்கிலச் சொல்லின் பொருளைத் தழுவி நிற்கிறது. தமிழிலிருந்து சென்ற சொல் அயல்நாட்டில் பெற்ற பொருளோடு தமிழுக்கே திரும்பி வந்திருக்கிறது. இதனைப் பிழையென்று தள்ளாமல் சிங்கப்பூர்த் தமிழின் வரலாறாகக் கொள்வதே தகும்.

இச்சொல் இந்நாட்டு மக்களுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை 2011ஆம் ஆண்டு காட்டியது. கறி சமைக்கும் மணம் குறித்து, சீனாவிலிருந்து புதிதாகக் குடிவந்த குடும்பம் ஒன்றுக்கும் அதன் அண்டை வீட்டு இந்தியக் குடும்பத்திற்கும் முன்னர் எழுந்த பூசலும், அதில் எட்டப்பட்ட சமரசமும் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் நாளிதழில் வெளியாயின. அண்டை வீட்டார் இல்லாதபொழுது மட்டும் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் இசைந்தது என்னும் செய்தி பலரை வருத்தியது. ஆகஸ்ட் 21ஆம் நாளன்று வீட்டுக்கு வீடு கறி சமைத்து அண்டை அயலாரோடு பகிர்வோம் என்னும் அழைப்பு இணையத்தில் எழுந்தது. ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் அதற்கு ஆதரவு தெரிவித்தனர். அவர்களுள் சீனரும் மலாய்க்காரரும் யுரேஷியரும் இருந்தனர். அவர்கள் யாவரும் கறியைத் தம் உணவு என்றே கொண்டனர். தமிழர் தந்த ஒரு சொல், சிங்கப்பூரர் அனைவரும் தமதென்று சொல்லிக்கொள்ளும் சொல்லாக ஆகியிருந்தது.

நிறைவாக

பிறர் ஒரு சொல்லைத் தமதாக்கிக்கொள்வது நமக்கு இழப்பன்று. நாம் அதை மறப்பதே இழப்பு. மலாய்க்காரரின் காரியும் சீனரின் காலியும் வாழ்வதனால் நம் கறி தேயவில்லை. றகரத்தையும், கறித்தல் என்னும் வினையையும், மிளகு என்னும் பழம்பொருளையும் நம் பிள்ளைகள் அறியாது போனால்தான் அது தேயும். உலகம் இச்சொல்லின் ஒரு பொருளை மட்டுமே கொண்டு சென்றது. மற்றவற்றையெல்லாம் காப்பவர் தமிழ் கற்பவரே.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாணவர் ‘கரி’ என்று எழுதினால், கோடிடுவதோடு நில்லாமல், முசிறித் துறையில் நின்ற மரக்கலத்தின் கதையைச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். மாணவச் செல்வங்களுக்கு ஒரு பயிற்சி. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் முன்னாளில் சரக்கு அடுக்கிய கட்டடங்களைத் தமிழர் பலர் ‘குடோன்’ என்பர். அது ஆங்கிலத்தின் ‘கோடவுன்’. அவ்வாங்கிலச் சொல்லை மலாய்மொழியின் ‘குடாங்’ என்பதோடும், அதற்கும் அப்பால் தெலுங்கின் ‘கிட்டங்கி’, தமிழின் ‘கிடங்கு’ ஆகியவற்றோடும் அகராதிகள் தொடர்புபடுத்துகின்றன. நாம் கூறிய மூன்று வினாக்களையும் அச்சொல்லிடம் கேளுங்கள். கிடைக்கும் விடையை, அது நமக்குச் சாதகமாக இருப்பினும் இல்லாவிடினும், அப்படியே எழுதுங்கள்.

இன்று வீடு திரும்பியதும் உணவு மேசையில் இருக்கும் கறியைப் பார்த்து, பாட்டியிடமோ தாத்தாவிடமோ அவர்தம் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர் எந்த அகராதியிலும் இல்லாததாகவும் இருக்கலாம். அதனைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.